புதிதாக வந்த புள்ளியா, புதிதாகத் தெரிந்த புள்ளியா?

கேள்வி:

டாக்டர், எனக்கு வயது 33. பட்டர்வொர்த்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. 2021 நவம்பரில் வலது கண் வலியெடுத்து மங்கியது. எம்.ஆர்.ஐ. எடுத்து, முதுகில் நீர் எடுத்துப் பார்த்து, மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (எம்.எஸ்.) என்றார்கள், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோயாம். 2022 மே மாதத்திலிருந்து இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொள்கிறேன். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. இந்த ஆண்டு (2025) தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறும்போது அதே கண் மறுபடி மங்கியது. நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டது. பயந்துபோய், பிப்ரவரி கடைசியில் கோலாலம்பூரில் தம்பி வீட்டில் தங்கி ஸ்கேன் எடுத்தேன். பழைய ரிப்போர்ட்டில், நோய் தாக்கிய இடங்களாக மூளையில் ஏழு புள்ளிகள். இப்போது ஒன்பது. "முந்தைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடுகையில் இரண்டு புதிய புள்ளிகள், சாயம் ஏற்கவில்லை, மூளை லேசாகச் சுருங்கியுள்ளது" என்று எழுதியிருக்கிறார்கள். பழைய படங்கள் பதிந்த தட்டு வீட்டு அலமாரியில் இருந்ததால் ரிப்போர்ட்டை மட்டும்தான் கொண்டுபோனேன். பினாங்கில் என்னைப் பார்க்கும் நரம்பியல் டாக்டர் மருந்தை மாற்ற யோசிக்கலாம் என்கிறார். மாமியாரோ, "நல்லா இருக்கிற பிள்ளைய படம் எடுத்து எடுத்தே நோயாளி ஆக்குறாங்க, ஊசியே வேணாம்" என்கிறார். அடுத்த ஆண்டு குழந்தை பெற்றுக்கொள்ளவும் எண்ணியிருக்கிறோம். எந்தத் தொல்லையும் இல்லாதபோது புதுப் புள்ளி எப்படி வரும்? வருடா வருடம் இந்த ஸ்கேனும் சாயமும் உடம்புக்கு ஆகுமா? இரண்டு ரிப்போர்ட்டின் நகலையும் இணைத்துள்ளேன்.

பதில்:

அன்புத் தங்கைக்கு வணக்கம்.

மாமியார் சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அவசரம் அதில்தான் இருக்கிறது. ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்தை மாற்றலாமா என்று உங்கள் டாக்டரோடு உட்கார்ந்து பேச நேரம் உண்டு. அந்தப் பேச்சு முடியும்வரை ஊசி அதன் நாளில் தவறாமல் போகட்டும்.

நான் மூளைப் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் கதிரியக்க மருத்துவர். மருந்து எழுதுவது என் வேலை இல்லை. உங்கள் படங்களையும் நான் பார்க்கவில்லை, அதனால் அந்த இரண்டு புள்ளிகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் நீங்கள் எடுத்து எழுதியிருக்கும் வரியில் ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். "முந்தைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடுகையில்." படத்தோடு இல்லை, ரிப்போர்ட்டோடு. கோலாலம்பூரில் எழுதியவர் கையில் பழைய படம் இல்லை. "ஏழு புள்ளிகள்" என்ற ஒரு வரிதான் இருந்தது. அவர் ஒன்பது எண்ணினார். ஒன்பதில் ஏழு போனால் இரண்டு. அந்த ஒன்பதில் எந்த இரண்டு புதியவை என்று கேட்டால் அவராலேயே விரல் வைத்துக் காட்ட முடியாது. அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். கையில் எது இருந்ததோ அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார், அந்த நேர்மையால்தான் நமக்கே விஷயம் தெரிகிறது.

இப்போது உங்கள் இரண்டு ரிப்போர்ட்டிலும் அடியில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். 2021இல் எடுத்தது 1.5 டெஸ்லா இயந்திரம் (டெஸ்லா என்பது காந்த வலிமையின் அளவு), ஒவ்வொரு துண்டும் 5 மில்லிமீட்டர் கனம். இப்போது எடுத்தது 3 டெஸ்லா, துண்டின் கனம் 1 மில்லிமீட்டர். நாங்கள் புள்ளி என்று எண்ணுவது 3 மில்லிமீட்டர் அளவிலிருந்து தொடங்குகிறது. 5 மில்லிமீட்டர் துண்டுக்குள் 3 மில்லிமீட்டர் புள்ளி அகப்பட்டால், அதைச் சுற்றியுள்ள நல்ல மூளையின் சாயலும் அதோடு கலந்துதான் படத்தில் விழும். ஒரு சொட்டுப் பாலைப் பெரிய குவளைக் கோப்பி-ஓவில், அதாவது பாலில்லாக் காப்பியில், விட்டால் நிறம் மாறியதே தெரியாது. சின்னக் கிண்ணத்தில் விட்டால் சட்டென்று தெரியும். இயந்திரத்தின் காந்த வலிமை கூடினாலும் அப்படித்தான், மங்கலாக இருந்தவை பளிச்சென்று வரும். ஆகவே இந்த இரண்டு புள்ளிகள் 2021இலேயே உங்கள் மூளையில் இருந்திருக்கலாம். அன்றைய படத்தில் கண்ணுக்குத் தட்டுப்படாமல் போயிருக்கலாம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞரின் படம் என் மேசைக்கு வந்தது. பழைய படம் வந்து சேரவில்லை. பழைய ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து, "பல புதிய புள்ளிகள்" என்று எழுதினேன். ஆறு வாரம் கழித்து அவருடைய அப்பா பழைய படத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டையும் அருகருகே திரையில் வைத்தேன். ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் அதே இடத்தில், மங்கலாக, முன்பே இருந்தன. அதற்குள் அந்தப் பிள்ளைக்கு மருந்து மாற்றிவிட்டார்கள். ரிப்போர்ட்டைத் திருத்தி எழுதி, அவருடைய டாக்டரை நேரில் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அன்றிலிருந்து பழைய படத்தைக் கண்ணால் பார்க்காமல் "புதிய" என்ற சொல்லை நான் எழுதுவதில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. உங்கள் முதல் படம் 2021 நவம்பர். ஊசி தொடங்கியது 2022 மே. நடுவில் ஆறு மாதம் மருந்தே இல்லை. ஊசி தொடங்கிய அன்றே மருந்து முழு வேலையைக் காட்டிவிடுவதும் இல்லை. அந்த இடைவெளியில் இரண்டு புள்ளிகள் வந்திருந்தால், அவை உண்மையிலேயே புதியவைதான். ஆனால் மருந்து தோற்றதாகச் சொல்ல முடியாது, மருந்து அப்போது களத்திலேயே இறங்கவில்லை. இதனால்தான் மருந்து தொடங்கி மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் இன்னொரு படம் எடுத்து, அதையே அடிப்படைப் படமாக வைத்து, பிறகு வரும் எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட வேண்டும் என்று 2021இல் ஐரோப்பிய, வட அமெரிக்க எம்.எஸ். வல்லுநர்கள் கூடி வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. உங்களுக்கு அந்தப் படம் எடுக்கப்படவில்லை. மூன்றே கால் ஆண்டுக்கு இரண்டே படங்கள். ஓராண்டுக்குள் இரண்டு புதுப் புள்ளிகள் வருவதும், மூன்றே கால் ஆண்டில் எப்போதோ இரண்டு வருவதும் ஒன்றாகாது.

"சாயம் ஏற்கவில்லை" என்பதை வைத்துப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். கடோலினியம் சாயம் ரத்தக் குழாயிலிருந்து மூளைக்குள் சாதாரணமாகக் கசிவதில்லை. ஓர் இடத்தில் அழற்சி புதிதாக மூண்டு, அங்கே ரத்தக் குழாயின் காவல் தளர்ந்திருந்தால் மட்டும் உள்ளே புகுந்து அந்த இடம் வெளுத்துத் தெரியும். அந்தத் தளர்ச்சி பெரும்பாலும் இரண்டிலிருந்து எட்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஆக, உங்கள் ரிப்போர்ட் சொல்வது ஒன்றுதான்: ஸ்கேனுக்கு முந்தைய சில வாரங்களில் புதுத் தீ எதுவும் பற்றவில்லை. அது நல்ல செய்தி. ஆனால் 2022இலா, 2024இலா என்று அந்தச் சாயம் சொல்லாது.

இவ்வளவையும் படித்துவிட்டு, "அப்படியென்றால் ஒன்றுமே இல்லை" என்று மாமியாரிடம் சொல்லிவிடாதீர்கள். அவர் கோபம் உங்கள் மேல் உள்ள பாசத்தில் வருவது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் சொல்வதில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. உடம்பு சொல்லாததால் நோய் சும்மா இருக்கிறது என்று பொருளில்லை. பினாங்குப் பாலத்தில் ஒரு லோரி பழுதாகி நின்றால் தீவு முழுக்கத் தெரிந்துவிடும். அதே லோரி ஏதோ ஒரு குடியிருப்புத் தாமானின் பின்சந்தில் நின்றால் யாருக்குத் தெரியும்? கண் நரம்பு, மூளைத் தண்டு, முதுகுத் தண்டுவடம் இவை பாலத்தைப் போல. அங்கே சின்னப் புள்ளி விழுந்தாலும் கண் மங்கும், கால் மரக்கும். மூளையின் உள் அறைகளைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதியில் விழுந்தால் பெரும்பாலும் சத்தமே வராது. தொடர்ந்து படம் எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், உடலில் தெரியும் ஒரு தாக்குதலுக்கு ஐந்திலிருந்து பத்து புதுப் புள்ளிகள் படத்தில் வந்து போயிருக்கின்றன.

இந்தக் கருவியின் வரலாறே அப்படித்தான் தொடங்கியது. 1981இல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் 10 எம்.எஸ். நோயாளிகளை அப்போது புதிதாக வந்திருந்த காந்த அதிர்வு இயந்திரத்தில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். சிடி ஸ்கேன் 19 புள்ளிகளைக் காட்டியிருந்தது. புது இயந்திரம் அதற்கு மேல் 112 புள்ளிகளைக் காட்டியது. அத்தனையும் அதற்கு முன்பும் அவர்கள் தலைக்குள் இருந்தவைதான், பார்க்கக் கண்தான் இல்லை. மாமியாருக்கு விளங்கும்படி இதைச் சொல்லிப் பாருங்கள். சத்தம் போடாத புள்ளிகளும் நரம்பிழைகளைத் தின்கின்றன. இளமையில் மூளை வேறு வழியில் சுற்றிப் போய்ச் சமாளித்துக்கொள்ளும். வயதாக ஆக அந்தச் சுற்றுவழிகள் குறையும். அதனால்தான் நீங்கள் நன்றாக இருக்கும் இந்த ஆண்டுகளிலேயே படம் பார்க்கச் சொல்கிறோம்.

தண்ணீர்மலையில் நடந்ததற்கு வருகிறேன். அது புதுத் தாக்குதலாகத் தெரியவில்லை. முன்பு அடிபட்ட நரம்பில் உறை தேய்ந்திருக்கும். உடல் சூடானால் அந்த இடத்தில் செய்தி தடுக்கிவிடும், சூடு தணிந்ததும் பழையபடி ஓடும். 1890இலேயே உட்ஹோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் இதை எழுதிவைத்திருக்கிறார். நமது வெயிலுக்கும் கூட்டத்துக்கும் அத்தனை படிகளுக்கும் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். புதுத் தாக்குதல் என்றால் தொல்லை 24 மணி நேரமாவது விடாமல் இருக்க வேண்டும், காய்ச்சலும் கிருமித் தொற்றும் இருக்கக் கூடாது. உங்களுக்கு ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டது. அடுத்த தைப்பூசத்துக்கு விடியலுக்கு முன்பே ஏறி இறங்கிவிடுங்கள், கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொள்ளுங்கள். முருகனைப் பார்க்கப் போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

"மூளை லேசாகச் சுருங்கியுள்ளது" என்ற வரி உங்களைத் தூங்கவிடவில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். எல்லோருக்கும் மூளை ஆண்டுக்குச் சுமார் 0.1 முதல் 0.3 சதவீதம் குறையத்தான் செய்கிறது. எம்.எஸ்.ஸுக்கு மருந்தில்லாமல் இருந்தால் அது 0.5 முதல் 1 சதவீதத்துக்கும் மேல் போகலாம். வித்தியாசம் எவ்வளவு சிறியது என்று பாருங்கள். ஸ்கேன் அன்று தண்ணீர் சரியாகக் குடிக்காவிட்டாலே அளவு மாறும். இயந்திரம் மாறினால் இன்னும் மாறும். மருந்து தொடங்கிய முதல் ஆண்டில் அழற்சியின் வீக்கம் வடிவதாலேயே மூளை சற்றுச் சிறுத்துத் தெரியும். அது மருந்து வேலை செய்வதன் பக்கவிளைவு. பெரிய ஆய்வுகளில் நூற்றுக்கணக்கானோரின் சராசரி எடுக்க இந்த அளவு உதவும். இரண்டு வேறு இயந்திரங்களில் எடுத்த இரண்டே படங்களை வைத்து ஒரு தனி மனுஷியின் மூளை சுருங்குகிறது என்று நான் எழுத மாட்டேன். அந்த வரிக்காக அழாதீர்கள்.

ஸ்கேன், சாயம் பற்றிய பயத்துக்கு வருவோம். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. காந்தமும் ரேடியோ அலையும்தான். வருடம் ஒரு முறை எடுப்பதால் உடம்புக்குக் கெடுதல் வந்ததாக யாரும் காட்டவில்லை. சாயம் வேறு கதை. 2014இல் ஜப்பானிலிருந்து வந்த ஓர் ஆய்வு, பல முறை சாயம் ஏற்றியவர்களின் மூளையில் கடோலினியத்தின் தடயம் தங்குவதைச் சுட்டிக்காட்டியது. அதனால் நோய் வந்ததாக இதுவரை நிரூபணம் இல்லை. இருந்தாலும் அதிகம் தங்கக்கூடிய வகைச் சாயங்களை ஐரோப்பாவில் 2017இல் கட்டுப்படுத்தினார்கள். நல்ல முறையில், அதே இயந்திரத்தில், பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கமான ஆண்டு ஸ்கேனுக்குச் சாயம் தேவையில்லை என்பதே இன்றைய பரிந்துரை. ஒப்பிடப் பழைய படம் இல்லாதபோதோ, திடீரென்று புதுத் தொல்லை வந்தபோதோ அது கைகொடுக்கும். நீங்கள் அலமாரியிலிருந்து தட்டை எடுத்துப் போயிருந்தால் பிப்ரவரியில் அந்த ஊசிக்குத்து ஒருவேளை தேவைப்படாமலே போயிருக்கலாம்.

ஆகவே இப்போது செய்ய வேண்டியது எளிது. அந்தப் பழைய தட்டையும் கோலாலம்பூர்த் தட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போங்கள். இரண்டையும் ஒரே கதிரியக்க மருத்துவர் அருகருகே வைத்துப் பார்த்து, ஒவ்வொரு புள்ளியாக ஒப்பிட்டு எழுதித் தரும்படி கேளுங்கள். நோயாளி இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. என்னிடம் யாராவது கேட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

அப்படிப் பார்த்தும் சந்தேகம் தீரவில்லை, உடம்பிலும் தொல்லை இல்லை என்றால், ஆறு மாதம் கழித்து, அதாவது ஆகஸ்ட் கடைசியில், கோலாலம்பூரில் எடுத்த அதே இயந்திரத்தில், அதே முறையில், சாயம் இல்லாமல் ஒரு ஸ்கேன் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ரயில் ஏறி வர வேண்டியிருக்கும், தம்பி வீட்டில் ஓரிரவு தங்க வேண்டியிருக்கும். இருந்தாலும் அதற்காகச் செலவழிக்கும் பணமும் நேரமும் வீண் போகாது. 2025 பிப்ரவரிப் படத்தை உங்கள் அடிப்படைப் படமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஒரு புள்ளி புதிதாக வந்தால், அது ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே வந்தது என்று தயங்காமல் சொல்லலாம். அப்போது உங்கள் டாக்டர் மருந்தை மாற்றச் சொன்னால் நானும் அவர் பக்கம்தான். இன்டர்ஃபெரானைவிட வலிமையான மருந்துகள் இன்று இருக்கின்றன. பழைய படத்தோடு ஒப்பிட்ட பிறகும் அவர் இப்போதே மாற்ற வேண்டும் என்றால், அவர் உங்களைப் பரிசோதித்தவர், காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அவர் சொல்வதைக் கேளுங்கள்.

கூடவே ஒன்றைக் கேட்டுவையுங்கள்: ஆக்குவாபோரின்-4 எதிர்ப்பொருளுக்கான ரத்தப் பரிசோதனை செய்தார்களா? கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கி எம்.எஸ். போலவே வேஷம் போடும் இன்னொரு நோய் உண்டு, அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பரிசோதனை. மேல்நாடுகளோடு ஒப்பிட்டால் நம் வட்டாரத்தில் அதன் பங்கு அதிகம். அதற்கு இன்டர்ஃபெரான் கொடுத்தால் நோய் மோசமாகும். மூன்று ஆண்டு அமைதியாக இருந்திருப்பதைப் பார்த்தால் உங்களுக்கு அது இருக்க வாய்ப்புக் குறைவு. பெரும்பாலும் 2021லேயே பார்த்திருப்பார்கள். ஆனாலும் முடிவு கோப்பில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

குழந்தை விஷயத்தை டாக்டரிடம் இன்றே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் மாற்றப்போகும் மருந்து எது என்பதே அதைப் பொறுத்து மாறலாம். சில எம்.எஸ். மாத்திரைகளைக் கருத்தரிக்கும் முன்பே நிறுத்தியாக வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நோய் பெரும்பாலும் அடங்கியிருக்கும். பிரசவத்துக்குப் பின் வரும் மூன்று மாதங்களில் தாக்குதல் கூடுகிறது. கர்ப்ப காலத்தில் அவசியம் ஏற்பட்டால் சாயம் இல்லாமல் ஸ்கேன் எடுக்கலாம். பிரசவத்துக்குப் பிறகு புதிதாக ஓர் அடிப்படைப் படம் எடுக்க வேண்டும். கைக்குழந்தையோடு அது மறந்துபோகும், அதனால் மாமியாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். அன்று பிள்ளையை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

ஸ்கேனுக்கு முன் தாலியைக் கழற்றச் சொன்னபோது மனம் கலங்கியதாகவும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் கொடியின் கொக்கியிலும் திருகாணியிலும் வேறு உலோகம் கலந்திருக்கலாம், வளையமாகக் கிடக்கும் சங்கிலி ரேடியோ அலையில் சூடேறலாம், கழுத்தருகே படமும் கெடும். எங்களிடம் வரும் பெண்கள் பலர் முதல் நாளே மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம்.

கடைசியாக, ஆகஸ்ட் ஸ்கேனுக்கான விண்ணப்பத்தில் உங்கள் டாக்டரை இப்படி எழுதித் தரச் சொல்லுங்கள்: "எம்.எஸ்., 2022 மே முதல் இன்டர்ஃபெரான். முந்தைய படங்கள் 2021 நவம்பர், 2025 பிப்ரவரி, தட்டுகள் இணைக்கப்பட்டுள்ளன. பிப்ரவரியில் எடுத்த அதே இயந்திரம், அதே முறை, சாயம் இல்லாமல். படத்தோடு படத்தை ஒப்பிட்டு, புதிதாக வந்தவையும் பெரிதானவையும் எத்தனை, எங்கே என்று எழுதவும்."